மாறாது என்றார்கள்

நமது நண்பர் ஒருவரின் தந்தையார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எழுபத்தோராம் வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பிழைத்துக்கொண்டது, இடது கையும் இடது காலும் செயலற்றுப் போயின. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறு மாதத்துக்குள் எது திரும்புகிறதோ அதுதான், அதற்குமேல் மூளையில் எந்த மாற்றத்தையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஐந்தாம் மாதம் முடிந்த ஒரு மாலையில் நண்பர் நம்மிடம் கேட்டார்: "இந்த ஆறு மாதக் கணக்கை முதலில் எழுதியவர் யார்?"

நாம் மருத்துவர்கள் அல்லர். கதையும் கவிதையும் வாசித்துக்கொண்டு, அவ்வப்போது எழுதிக்கொண்டும் இருப்பவர்கள். ஆனால் ஒரு கருத்து எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, எப்போது தீர்ப்பாக இறுகியது என்று தேடிப்போவது இலக்கிய வாசகர்களுக்குப் பழகிய வேலைதான். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சில மாதங்கள் வாசித்ததன் பயன் இக்கட்டுரை.

*

பயிற்சியால் மூளை உருமாறுமா என்ற ஐயம் நாம் நினைத்ததைவிடப் பழையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியைச் சேர்ந்த மிக்கேலே மலக்கார்னே என்ற உடற்கூற்றியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாய்கள், ஒரே அடையில் பொரித்த பறவைகள் என இணை இணையாக எடுத்து, ஒன்றுக்கு நீண்டகாலம் பயிற்சி கொடுத்தார். மற்றதைச் சும்மா விட்டார். பிறகு இரண்டையும் கொன்று மூளையைப் பார்த்தார். பயிற்சி பெற்ற உயிரியின் சிறுமூளையில் மடிப்புகள் அதிகம் இருந்ததாக எழுதினார். அன்றைய கருவிகளை வைத்துக்கொண்டு அவர் கண்டதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வேறு கேள்வி. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டார். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பது வியப்புதான்.

கதையின் உண்மையான தொடக்கம் ஸ்பெயினில் இருக்கிறது. சந்தியாகோ ரமோன் இ கஹால் 1852இல் பிறந்தவர். ஓவியனாக வேண்டும் என்பதே சிறுவயது ஆசை. தந்தை மருத்துவர், ஓவியம் சோறு போடாது என்று நினைத்தவர். (எந்த மொழியிலும் இந்தத் தந்தையை நமக்கு அடையாளம் தெரியும்.) பள்ளியில் அடங்காத பிள்ளை, தானே செய்த பீரங்கியால் அண்டை வீட்டுக் கதவைத் தகர்த்து, பதினோரு வயதில் சில நாள் சிறையில் இருந்தவர். முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டுப் பார்த்தார் தந்தை. கடைசியில் இடுகாட்டுக்கு அழைத்துப்போய் எலும்புகளைக் காட்டி வரையச் சொன்னார். ஓவியமும் மருத்துவமும் அங்கே கைகுலுக்கின.

1887இல் மாட்ரிட்டில் ஒரு நண்பரின் வீட்டில் கஹால் நுண்ணோக்கி வழியாக ஒரு காட்சியைக் கண்டார். இத்தாலியரான கமில்லோ கோல்கி 1873இல் கண்டுபிடித்திருந்த வெள்ளி நைட்ரேட் சாயமுறையில் தயாரான மூளைச் சீவல் அது. அந்தச் சாயத்தின் விந்தை என்னவென்றால், ஆயிரக்கணக்கான நரம்பணுக்களில் மிகச் சிலவற்றை மட்டுமே அது பற்றும். ஆனால் பற்றியதைக் கடைசிக் கிளை வரை கருப்பாக்கிவிடும். அடர்ந்த காட்டில் ஒரே ஒரு மரம் மட்டும் வேரோடும் கொம்போடும் தனித்துத் தெரிவதைப் போன்றது.

அப்போது ஆட்சி செய்த கொள்கை, மூளை முழுதும் ஒரே வலை என்பது; கோல்கியும் அதையே நம்பினார். நரம்பிழைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிய, எங்கும் அறுபடாத வலை. கஹால் வரைந்து வரைந்து பார்த்து வேறு முடிவுக்கு வந்தார்: ஒவ்வொரு நரம்பணுவும் தனி உயிர். ஒன்று மற்றொன்றை நெருங்குகிறது, ஆனால் ஒட்டிக்கொள்வதில்லை. 1888இல், வெளியிட இதழ் இல்லாததால், சொந்தச் செலவில் ஓர் இதழ் தொடங்கி இதை அச்சிட்டார். (சிற்றிதழ் நடத்தியவர்கள் இந்த இடத்தில் சற்று நிமிர்ந்து உட்காரலாம்.) மறு ஆண்டு பெர்லினில் நடந்த உடற்கூற்றியலாளர் கூட்டத்துக்குத் தன் நுண்ணோக்கியோடு போய், அறிஞர்களை ஒவ்வொருவராக அழைத்துக் காட்டினார்.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. மூளை ஒட்டிய வலையாக இருந்தால் அது கட்டி முடித்த கட்டடம். மாறுவதற்கு அங்கே இடமே இல்லை. தனித்தனி அணுக்கள் நெருங்கி நின்று பேசிக்கொள்கின்றன என்றால், அந்த நெருக்கம் கூடலாம், குறையலாம், புதிதாகவும் ஏற்படலாம். கஹால் இதை உடனே உணர்ந்தார். 1894இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில், மனப்பயிற்சி நரம்பணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டாது, ஆனால் அவற்றின் கிளைகளையும் இணைப்புகளையும் வளர்க்கக்கூடும் என்று ஊகித்தார். பிற்பாடு எழுதிய பெருநூலில் பியானோ வாசிப்பவரை இதற்கு எடுத்துக்காட்டாக்கினார். ஆண்டுக்கணக்கில் விரல் பழகுவது மூளைக்குள் புதுப் பாதைகள் முளைப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

1906இல் நோபல் பரிசை கஹாலுக்கும் கோல்கிக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். ஏற்புரையிலேயே கோல்கி கஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். ஒரே மேடை, ஒரே பரிசு, எதிரெதிரான இரண்டு மூளைகள்!

இனிதான் நமது நண்பரின் கேள்விக்கு விடை வருகிறது. வெட்டுண்ட நரம்புகள் திரும்ப வளருமா என்று கஹால் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கைகால்களில் உள்ள நரம்பு வளர்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ளவை சிறிது முளைவிட்டுப் பின் கருகிவிடுகின்றன. 1913–14இல் இரண்டு பாகங்களாக வந்த நூலின் முடிவில், முதிர்ந்த மூளையில் பாதைகள் நிலைத்துவிட்டவை, அங்கே எல்லாம் சாகலாம், எதுவும் மீண்டும் பிறக்காது என்ற பொருளில் எழுதினார். ஆனால் அத்தோடு அவர் நிறுத்தவில்லை. இந்தக் கடுமையான ஆணையை மாற்ற முடியுமானால் அது வருங்கால அறிவியலின் வேலை என்றும் சேர்த்தார். பாடநூல்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டன, அடுத்ததை விட்டுவிட்டன. காயம் ஆறுவதைப் பற்றிச் சொன்னதைக் கற்பதைப் பற்றியும் சொன்னதாக நீட்டிக்கொண்டன. முன்பு அதே மனிதர் சொன்ன பியானோ விரல்கள் மறந்துபோயின.

ஆறு மாதக் கணக்கைக் கஹால் எழுதவில்லை. ஆனால் அந்தக் கணக்கு நிற்கும் தரையைப் போட்டதில் அவருடைய பாதி வாக்கியத்துக்கும் பங்கு உண்டு.

*

1940களில் கனடாவின் உளவியலாளர் டொனால்டு ஹெப் ஆய்வகத்து எலிகள் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய பிள்ளைகள் அவற்றோடு விளையாடினார்கள். எலிகள் வீடெங்கும் ஓடித் திரிந்தன. திரும்ப ஆய்வகத்துக்கு வந்து புதிர்ப்பாதையில் விட்டபோது, கூண்டிலேயே வளர்ந்த எலிகளைவிட அவை கெட்டிக்காரத்தனமாக வழி கண்டுபிடித்தன. 1949இல் வெளியான அவரது நூலில் வரும் கருத்து இன்று நரம்பியல் மாணவர்கள் எல்லாருக்கும் பாடம்: ஒரு நரம்பணு மற்றொன்றைத் தூண்டுவதில் மீண்டும் மீண்டும் பங்கேற்றால் அவற்றிடையேயான இணைப்பு உறுதிப்படுகிறது. நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை உண்டாவதைக் கண்ட எவருக்கும் இதில் புதுமை தோன்றாது. அதை அணுவின் அளவில் சொல்லத் துணிந்ததுதான் அவருடைய பெருமை. 1973இல் டிம் பிளிஸ், தெர்யே லோமோ இருவரும் முயலின் மூளையில் அப்படியொரு நீடித்த வலுப்படுதலை அளந்து வெளியிட்டார்கள். வியன்னாவிலிருந்து சிறுவனாக நாஜிகளுக்குத் தப்பி வந்த எரிக் காண்டெல் கடல் நத்தையை எடுத்துக்கொண்டு, நீண்டகால நினைவு பதியும்போது இணைப்புகளின் எண்ணிக்கையே கூடுகிறது என்று காட்டி 2000இல் நோபல் பெற்றார்.

ஆனால் 'மூளை மாறுகிறது' என்று அளவுகோலை வைத்துச் சொன்னவர்களில் முன்னோடி ஒரு பெண்மணி. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரோசன்ஸ்வைக், பென்னட், கிரெச் ஆகிய மூவரும் எலிகளை இரு வகையாக வளர்த்துவந்தார்கள். ஒரு கூட்டம் பெரிய கூண்டில், அடிக்கடி மாற்றப்படும் விளையாட்டுப் பொருள்களோடு. மற்றவை சிறு கூண்டில் தனித்தனியாக. மூளையின் வேதியியலில் வேறுபாடு தெரிந்தது. இதைப் படித்துவிட்டு அவர்களோடு சேர்ந்த உடற்கூற்றியலாளர் மரியன் டயமண்ட், அந்த மூளைகளைச் சீவி, புறணியின் தடிமனை அளந்தார். துணையும் விளையாட்டுமாக வளர்ந்த எலிகளுக்குப் புறணி தடித்திருந்தது. வேறுபாடு சில விழுக்காடுதான். ஆனால் மாறவே மாறாது என்று சொல்லப்பட்ட ஒன்றில் சில விழுக்காடு என்பது சிறிய செய்தி அல்ல. 1964இல் கட்டுரை வந்தது. மறு ஆண்டு வாஷிங்டனில் நடந்த கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் எழுந்து, 'இளம்பெண்ணே' என்று விளித்து, அந்த மூளை மாற முடியாது என்று உரக்கச் சொன்னாராம். டயமண்ட் இதைப் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். சோதனை இப்படித்தான் காட்டுகிறது என்று அவர் பதில் சொல்லிவிட்டு அமர்ந்தார். பின்னர் மிக முதிர்ந்த எலிகளிடமும் இதே தடிப்பைக் காட்டினார். 2017இல் மறைந்தார்.

இந்தச் சோதனைகளைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லத் தோன்றுகிறது. 'வளமான கூண்டு' என்று பெயர் வைத்தார்களே தவிர, சாக்கடையில் ஓடும் எலியின் வாழ்க்கையோடு ஒப்பிட்டால் அதுவும் ஏழ்மைதான். ஆகவே, சுகமான சூழல் மூளையை வளர்த்தது என்பதைவிட, தனிமைச் சிறை அதைக் குறைத்தது என்றும் வாசிக்கலாம். மற்றது, 1975இல் அதே குழு வெளியிட்ட ஒரு முடிவு. வளமான கூண்டுக்குள்ளேயே கம்பிவலைச் சிறு கூண்டுகளை வைத்து, சில எலிகளை அவற்றுக்குள் அடைத்து, மற்றவை விளையாடுவதைப் பார்க்க மட்டும் விட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த எலிகளின் மூளை மாறவில்லை. தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் எவரையும் குறித்து நாம் இதைச் சொல்லவில்லை.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நம் பாட்டிமார் கேட்டது முழுப் பொய்யும் அல்ல. டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில நாட்களில் தைத்து மூடி, சில மாதங்கள் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் குறையில்லை, ஆனால் மூளை அந்தக் கண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தால் ஒன்றும் ஆவதில்லை. கற்பதற்கென்று திறந்து பின் மூடிக்கொள்ளும் பருவங்கள் இருக்கின்றன என்று இதிலிருந்து தெரிந்தது. மாறுகண்ணையும் பிறவிக் கண்புரையையும் குழந்தைப் பருவத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்ற மருத்துவ விதிக்கு இது பெரிய வலு சேர்த்தது. 1981இல் நோபலும் கிடைத்தது. இருந்தும் அந்தக் கதவு எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது? பவன் சின்கா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், கண்புரையோடு பிறந்து எட்டு வயதுக்கு மேலான பிறகு அறுவை சிகிச்சை பெற்ற இந்தியச் சிறுவர்கள் பயன்படும் அளவுக்குப் பார்வை பெற்றிருக்கிறார்கள். கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்தவுடன் அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. சில நாட்களில், சில வாரங்களில் முடிந்தது. கதவு சாத்தியிருந்தது, தாழ் போட்டிருக்கவில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

*

இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் பெத்ரோ பாக்-இ-ரீத்தா. கத்தலான் கவிஞர், நியூயார்க் சிட்டி காலேஜில் பேராசிரியர். அறுபத்தைந்தாம் வயதில், 1959இல், பக்கவாதம் வந்து பேச்சும் பாதி உடலும் போயின. வழக்கமான சிறிது கால மருத்துவத்தில் பலன் இல்லை. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைய மகன் ஹோர்ஹே, மறுவாழ்வு மருத்துவம் ஏதும் அறியாதவர், தந்தையை மெக்சிகோவில் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அறியாமையே அவருக்கு உதவியது என்று சொல்ல வேண்டும். குழந்தை எப்படி நடக்கக் கற்கிறதோ அப்படியே தொடங்கலாம் என்று முடிவு செய்தார். முதலில் தவழ்தல். செயலற்ற தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு முதியவர் தவழ்ந்தார். தோட்டத்தில் அவர் தவழ்வதைக் கண்ட அக்கம்பக்கத்தார், ஒரு பேராசிரியரை நாயைப் போல நடத்துவதா என்று முகம் சுளித்தார்கள். பிறகு தரையில் அமர்ந்து கோலி விளையாட்டு. உருண்டோடும் கோலியைப் பலவீனமான கையால்தான் எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவும்போது கையை முதலில் வலம், பின் இடமாகச் சுற்றுவது. தட்டச்சில் முதலில் கையே விழும். பிறகு விரல் விழுந்தது.

ஓராண்டு கழிந்தபின் அவர் கல்லூரிக்குத் திரும்பிக் கற்பித்தார். மறுமணம் செய்துகொண்டார். மலையேறினார். எழுபத்திரண்டாம் வயதில் கொலம்பியாவின் மலைப்பகுதியில் மாரடைப்பில் இறந்தார். உடற்கூறு ஆய்வில் மூளைத்தண்டைச் சீவிப் பார்த்தபோது, புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகளில் மிகப் பெரும்பகுதி அழிந்தே கிடந்தது. காயம் ஆறவே இல்லை. அழிந்த பகுதி அழிந்தபடியே இருக்க, மிஞ்சியவை வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. கஹாலின் பாதி வாக்கியம் சரி. அதிலிருந்து உலகம் பெற்றுக்கொண்ட முடிவு தவறு.

மூத்த மகன் பால் நரம்பியல் ஆய்வாளர். தந்தையின் மூளைச் சீவல்களைப் பார்த்த அதிர்ச்சியில் தன் துறையையே மாற்றிக்கொண்டு மறுவாழ்வு மருத்துவத்துக்குப் போனார். 1969இல் ஒரு நாற்காலி பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதன் முதுகில் 400 அதிர்வுப் புள்ளிகள். கேமரா காணும் உருவத்தை அவை பார்வையற்றவரின் முதுகில் வரைந்து காட்டும். பழகியபின் அவர்கள் எதிரே இருந்த தொலைபேசியையும் மனித முகங்களையும் அடையாளம் கண்டார்கள். கண் செய்யும் வேலையை முதுகின் தோல் செய்தது.

எட்வர்டு டாப் கதை இதைவிடக் கசப்பானது. குரங்கின் ஒரு கையிலிருந்து வரும் உணர்வு நரம்புகளை வெட்டிவிட்டால், இயக்க நரம்புகள் நலமாக இருந்தும், குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டால் பயன்படுத்துகிறது! அப்படியானால் முடியாமல் போனது ஒருபுறம், முயன்று தோற்றுத் தோற்று 'பயன்படுத்தாமலிருக்கக் கற்றுக்கொண்டது' மறுபுறம். செயலின்மையும் ஒரு கல்விதான் என்ற இந்தக் கண்டுபிடிப்பு, நாம் வாசித்தவற்றிலேயே நம்மை அதிகம் உலுக்கியது. 1981இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங் ஊரில் இருந்த அவரது ஆய்வகத்துக்குள் காவல்துறை நுழைந்து 17 குரங்குகளைக் கைப்பற்றியது. விலங்குவதை வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அந்தக் குரங்குகளின் பாடு நமக்கு உவப்பானதல்ல. பூனைக்குட்டிகளின் தைத்த கண்ணும் அப்படித்தான். இந்த அறிவின் விலைப்பட்டியலில் அவையும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பிற்பாடு டாப் தன் முறையை மனிதர்களிடம் கொண்டுவந்தார். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, தளர்ந்த கையை நாள்தோறும் பல மணிநேரம், இரண்டு வாரம் வேலை வாங்குவது. 2006இல் வெளியான பெரிய சோதனையில் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேர் பங்கேற்றார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் கை, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களின் கையைவிடத் தெளிவாக மேம்பட்டது. ஓரளவாவது மணிக்கட்டையும் விரல்களையும் அசைக்க முடிந்தவர்களுக்கே இது பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே குரங்குகளை 1991இல் ஆராய்ந்தபோது, கைக்கு உரிய மூளைப் பகுதியை முகத்துக்கு உரிய பகுதி ஆக்கிரமித்திருந்தது தெரிந்தது. இதைப் படித்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியராக இருந்த வி. எஸ். ராமச்சந்திரன். மூளை வரைபடத்தில் முகமும் கையும் அடுத்தடுத்த வீடுகள். அப்படியானால் கை இழந்த மனிதரின் முகத்தைத் தொட்டால்? காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றோடு, கை துண்டிக்கப்பட்ட ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டுக் கன்னத்தைத் தொட்டார். இல்லாத கட்டைவிரலைத் தொடுவதாக இளைஞர் சொன்னார். கோடிக்கணக்கான ரூபாய் எந்திரம் ஏதுமில்லாமல் கிடைத்த விடை. இன்று சிலர், அந்த ஆக்கிரமிப்பு அவர் நினைத்த அளவுக்கு இல்லை, கையின் பழைய வரைபடம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். வழக்கு முடியவில்லை.

*

முடியாத இன்னொரு வழக்கு புது நரம்பணுக்களைப் பற்றியது. 1965இல் ஜோசப் ஆல்ட்மன், கோபால் தாஸ் இருவரும், பிறந்து வளர்ந்த எலியின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் உருவாவதைக் கதிரியக்க அடையாளமிட்டுக் காட்டினார்கள். நினைவுக்கு இன்றியமையாத, கடற்குதிரை வடிவிலான உறுப்பு அது. யாரும் பொருட்படுத்தவில்லை. மறுக்கவும் இல்லை என்பதுதான் கொடுமை. 1980களில் ஃபெர்னாண்டோ நோட்டபோம் கேனரிக் குருவிகளைப் பற்றிச் சொன்னார்: பாட்டுக்கான மூளைப் பகுதி வசந்தத்தில் பருக்கிறது, இலையுதிர் காலத்தில் சுருங்குகிறது, அங்கே புது நரம்பணுக்களும் சேர்கின்றன. குருவிக்குச் சரி என்றார்கள். 1985இல் பாஸ்கோ ராகிச் குரங்குகளை ஆராய்ந்து, முதுநிலைப் பாலூட்டிகளில் இது இல்லை என்றார். அவருடைய வாதத்தில் அழகு இருந்தது: கற்றதை வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்ள வேண்டிய உயிருக்கு நரம்பணுக்கள் நிலையாக இருப்பதே நன்மை என்றார். 1998இல், புற்றுநோய்க்காக ஒரு அடையாளப் பொருள் செலுத்தப்பட்டு இறந்த ஐந்து நோயாளிகளின் மூளையில் புது நரம்பணுக்களைக் கண்டதாக எரிக்சனும் கேஜும் அறிவித்தார்கள். 2013இல் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14ஐக் காலக்கணக்காகக் கொண்டு, ஹிப்போகாம்பஸில் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய அணுக்கள் என்று ஸ்வீடன் குழு கணக்கிட்டது. 2018இல் ஒரு குழு, பெரியவர்களிடம் அப்படி எதையும் காணோம் என்றது. சில வாரங்களில் இன்னொரு குழு, இருக்கிறது என்றது. 2025இல் ஸ்வீடன் குழு மரபணுச் செயல்பாட்டை அணு அணுவாகப் படித்து, பிரிந்து பெருகும் முன்னோடி அணுக்களைக் கண்டதாக எழுதியது. ஆல்ட்மன் 2016இல் இறக்கும்போது அவருடைய பழைய கட்டுரை புகழ்பெற்றிருந்தது. கோபால் தாஸ் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார்.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களின் கதை பலரும் அறிந்தது என்பதால் சுருக்கிக்கொள்கிறோம். உரிமம் பெற வேண்டுமானால் சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மூன்று நான்கு ஆண்டு ஆகும். 2000இல் எலினார் மகுவையர், அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெருத்திருப்பதைக் கண்டார். பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்கள்தான் டாக்ஸி ஓட்டப் போகிறார்களோ என்ற கேள்விக்கு விடையாக, 79 பயிற்சியாளர்களைத் தொடக்கம் முதல் தொடர்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்: தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு மட்டுமே பெருத்திருந்தது. நாளிதழ்கள் விட்டுவிட்ட பகுதிதான் நமக்குச் சுவையானது. தேர்ச்சி பெற்றவர்கள், ஒரு சிக்கலான வரைபடத்தைச் சிறிது நேரம் கழித்து நினைவிலிருந்து வரைவதில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். மூளை எதையும் இலவசமாகத் தருவதில்லை போலும். மகுவையர் 2025 ஜனவரியில் காலமானார்.

நம் கைத்தொழிலான வாசிப்புக்கு வருவோம். பார்த்து அறிவதற்கான மூளையின் ஒரு மூலையை எழுத்து எடுத்துக்கொள்கிறது என்பது பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்தானிஸ்லாஸ் டெஹான் குழுவின் கருத்து. 2010இல் பிரேசிலிலும் போர்ச்சுக்கலிலும் 63 பேரை ஆராய்ந்தார்கள். எழுத்தறியாதவர்கள் ஒரு சாரார், பள்ளியில் கற்றவர்கள் ஒரு சாரார், வளர்ந்த பிறகு கற்றவர்கள் ஒரு சாரார். எழுத்தறிந்தவர்களின் இடப்பக்க மூளையில் எழுத்துக்கென்று ஓர் இடம் உருவாகியிருந்தது. முகங்களை அறியும் வேலை அங்கே சற்று ஒதுங்கிக்கொண்டிருந்தது. முதிர்ந்த வயதில் கற்றவர்களிடமும் இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை காணப்பட்டன. 2017இல் லக்னோவுக்கு அருகில் உள்ள கிராமங்களில், பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டிய பெண்கள் 21 பேருக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்து கற்பித்து முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தார்கள். புறணியில் மட்டுமல்ல, அதற்கு அடியில் இருக்கும் தலாமஸ், மூளைத்தண்டு வரை தொடர்புகள் வலுப்பட்டிருந்தன. அங்கும் ஆறு மாதம்தான்! 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்க வகுப்புகளில், வயல் வேலை முடிந்து வந்து அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிய பெண்களை நம்மில் சிலர் பார்த்திருக்கிறோம். 'இந்த வயசுல எங்க மண்டையில ஏறப்போவுது' என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஏறியது.

இவ்வளவு சொல்லிவிட்டு, இதை விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தைகளைப் படிக்கவைப்பதாக 'நடுமூளையைத் தூண்டும்' வகுப்புகள் நம் ஊர்களில் சில ஆண்டுகளுக்கு முன் பெருகின. அவற்றுக்கும் மேலே சொன்ன எதற்கும் தொடர்பு இல்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகள் விற்ற ஒரு நிறுவனம், முதுமை மறதியைத் தடுக்கும் என்ற பாணியில் விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் செலுத்தியது. விளையாட்டைப் பழகினால் அந்த விளையாட்டு நன்றாக வருகிறது. அதற்குமேல் கிடைப்பது சொற்பம். கோலியை எடுத்த கை கோலி எடுக்கக் கற்றது. தட்டச்சுக்குத் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது.

நண்பருக்கு இவற்றையெல்லாம் சுருக்கிக் கடிதமாக எழுதினோம். அவர் அதை உடலியக்க மருத்துவரிடம் காட்ட, நல்ல கையைக் கட்டிப்போடும் முறைக்கு இந்த வயதில் விழும் ஆபத்து உண்டு, உட்கார்ந்தபடி செய்வதை மட்டும் செய்யலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார். வீட்டில் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினார்கள். வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் மட்டும் ஆட வேண்டும் என்பது பேத்தி வைத்த விதி. முதல் மாதம் ஒரு புளியங்கொட்டையும் விரலில் நிற்கவில்லை; கோபத்தில் பலகையைத் தள்ளிவிட்டிருக்கிறார். இது பதினான்காம் மாதம். கால் இன்னும் இழுக்கிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போடுகிறார். பேத்தி ஏமாற்றினால் இடக்கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்துவிடுகிறாராம்.